கட்டைவிரல்

ஒரு காலத்தில் மாநிலக் குத்துச்சண்டை சாம்பியனாக இருந்த சூசைராஜுக்கு, வாங்கிய குத்துகளில் ஞாபகம் போய்விட்டது. மனைவி ரெஜினாவையே "யாரும்மா நீ?" என்றுதான் கேட்பார். ஒருநாள் பார்க்க வந்த பழைய எதிராளி தீனதயாளன், விளையாட்டாக முஷ்டியைத் தூக்கினார். சூசைராஜ் சட்டென்று தலையைத் தாழ்த்தி விலகிச் சிரித்தார். "டேய் தீனா! இன்னும் அந்த லெஃப்ட்ட வுடலியா நீ?"

தீனதயாளன் போனதும் ரெஜினா கதவைச் சாத்திவிட்டு, அவர் முன்னால் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். சூசைராஜ் அவள் கையைப் பிடித்தார். "கட்டவெரல உள்ள வச்சி மடக்காதம்மா. குத்துனா ஒடஞ்சிடும்." விரலை மெதுவாக வெளியே எடுத்து, மற்ற விரல்களின் மேல் படிய வைத்தார். பிறகு கேட்டார், "யாரும்மா நீ?"

மறுநாளும் அவள் கட்டைவிரலை உள்ளேயே மடக்கிக்கொண்டு போய் நின்றாள்.