மதலேன் கூப்பிட்டால்தான்

என் மனைவி மதலேன் இறந்த பிறகும், ஒரு பொம்மைக் கரடி அவள் பதிந்துவைத்த குரலில் எங்கள் மகள் செலினுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தது. கண்ணாமூச்சிதான் பாடம். கரடி பிரெஞ்சில் பத்துவரை எண்ணும். பிறகு அது “வியேன்” என்று, அதாவது வா என்று கூப்பிடும்வரை ஒளிந்த குழந்தை வெளியே வரக்கூடாது.

அன்று மாலை கரடி ஏழு எண்ணியபோது அந்தக் குரலைத் தாங்க முடியாமல் கரடியை நிறுத்திவிட்டேன்.

அரை மணி நேரமாகியும் செலினைக் காணவில்லை. கட்டிலடி, அலமாரி, மாடி எல்லாம் தேடினேன். தண்ணீர்த் தொட்டியின் மூடி விலகியிருந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினேன்.

“வெளிய வாடா செல்லம், ஆட்டம் முடிஞ்சிருச்சு!” என்று கத்தினேன். “வியேன்!” என்றும் கத்தினேன்.

கரடியை மறுபடி இயக்கினேன். மதலேன் விட்ட இடத்திலிருந்து எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணி முடித்தாள். “வியேன், செலின்!”

அழுக்குத்துணிக் கூடைக்குள்ளிருந்து வியர்த்து வழிய எழுந்தாள் செலின்.

“நான் கத்துனது கேக்கலையா?”

“கேட்டுச்சுப்பா. நீதான் வெளையாட்டுலயே இல்லியே.”

கரடியை என் மடியில் வைத்தாள். “இப்ப அம்மா ஒளியணும். நீ எண்ணு.”

எனக்குப் பிரெஞ்சில் மூன்றுவரைதான் தெரியும். நான்கைக் கரடியிடம் கேட்டேன்.