யாருக்கும் தெரிவிக்கப்படாது

“உட்காருங்க ஆபீசர்,” என்றார் அப்பா.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஆய்வு அவளுடையது. எந்தெந்த வீட்டில் கேள்வி கேட்பது என்று கணினி குலுக்கிப் போட்டதில், அவளைப் பெற்றவர்களின் வீடும் விழுந்துவிட்டது. விழுந்த வீட்டை மாற்றக் கூடாது என்று விதி எழுதியவளும் அவள்தான். கேள்வி கேட்க வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் அவளே வந்திருந்தாள்.

மகளாக வந்து கேட்டால் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார் அப்பா. காலமெல்லாம் அரசு வேலை பார்த்தவர். முறை என்றால் முறைதான்.

அம்மா புடவை மாற்றிக்கொண்டு வந்து கும்பிட்டாள்.

“நீங்கள் சொல்வது யாருக்கும் தெரிவிக்கப்படாது,” என்று மகள் டேப்லெட்டைப் பார்த்து வாசித்தாள்.

“எங்க பொண்ணுக்குக்கூடவா?” என்றாள் அம்மா.

“யாருக்கும்.”

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓய்வூதியம் போதுமா? தாராளமாக. உடம்பு? பரவாயில்லை. இப்போது ஏதாவது வேலைக்குப் போகிறீர்களா?

அவள் விரல் ‘இல்லை’க்கு மேல் தயாராக நின்றது. கையில் காசிருந்தால் எழுபதுக்கு மேல் யாரும் வேலைக்குப் போவதில்லை என்பதுதான் அவள் கண்டுபிடிப்பு. அமைச்சர் மேசை வரை போயிருந்தது.

“போறேன். சாயந்திரம் பல் ஆஸ்பத்திரி வாசல்ல பல் வேஷம் போட்டுக்கிட்டு நிக்கறேன்.”

“கடைவாய்ப் பல்,” என்று அம்மா திருத்தினாள். “நான் பிரஷ்.”

போனில் தினமும் வாக்கிங் என்றுதான் சொல்வார்கள்.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் கேள்வி கேட்பவர் முகம் மாறக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. அதுவும் அவள் எழுதியதுதான்.

“காரணம்? பணத்தேவை, பொழுதுபோக்கு, உடல்நலம், மற்றவை.”

அப்பா டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.

“மற்றவைன்னு போடுங்க. பல்லைப் பார்த்தா குழந்தைங்க ஓடிவந்து கட்டிப் பிடிச்சுக்குதுங்க. கழட்டி வச்சுட்டா யாரும் தொடறதில்ல.”

அவள் அப்படியே பதிந்துகொண்டாள். நன்றி சொன்னாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

படியில் நின்று டேப்லெட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு மணியை அடித்தாள்.

“அட, நீயா? சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே,” என்றாள் அம்மா.

“வாக்கிங் கிளம்ப நேரமாயிடுச்சும்மா,” என்றார் அப்பா, செருப்பைத் தேடியபடி. “இப்பதான் ஒரு ஆபீசர் வந்துட்டுப் போனாங்க. நல்ல மாதிரி. நாங்க சொன்னதையெல்லாம் உட்கார்ந்து கேட்டாங்க.”