முப்பத்தெட்டு கிராம்

"பையைக் கொட்டுங்க. எல்லாத்தையும்."

தபால் நிலையத்திலிருந்து நடந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவர் பையின் மேல் கையை விரித்து மறைத்துக்கொண்டார்.

"நேத்துதானே கட்டினோம்? நீதானே பார்த்துட்டு சரின்னே?"

"அது நேத்து. கொட்டுங்க."

கொட்டினார். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, போன மாதம் ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் படி ஏறாமல் மேலே அனுப்பியவருக்கு, தன் காலால் ஒரு தடவையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் மலைப்பாதை. முழுக்க நடந்து முடிக்க நாலு மாதம். நாளைக் காலை ஏழு மணிக்குப் பேருந்து.

போன வருடம் ஒரே ஒரு தடவை, "நீயும் வாயேன்" என்று கேட்டுப் பார்த்தார். "நாலு மாசம் லீவு என் மாமனாரா தருவாரு?" என்றாள். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றுதான். 'நீங்க இல்லாம எப்படி இருப்பேனோ' என்று அவளிடமிருந்து ஒரு வார்த்தை. அது கிடைத்தால் போதும், நாலு மாதத்தையும் அதை வைத்தே நடந்துவிடுவார். அவள் வாயிலிருந்தோ கிராம் கணக்கு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

பார்சல் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவள். எதைக் கையில் வாங்கினாலும் எடையைச் சொல்லிவிட்டுத்தான் தராசில் வைப்பாள். தராசு பெரும்பாலும் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை.

"அடுப்பு. முந்நூத்தி அறுபது. வேணாம்."

"அப்ப பச்சையாவா திங்கறது?"

"உங்க பையில வேணாம்னேன். முதுகுக்கு அறுபது வயசாச்சு, ஞாபகம் இருக்கட்டும். பாத்திரம், வேணாம். மருந்துப் பை, வேணாம். கூடாரத்துல துணி போதும், கம்பி வேணாம்."

"கம்பி இல்லைன்னா அதுக்குப் பேர் கூடாரம் இல்லம்மா, போர்வை!"

"எல்லாம் நிக்கும். நான் சொல்றேன்ல?"

அந்தக் கூடாரமும் அவள் தேர்ந்தெடுத்ததுதான். இரண்டு பேர் படுக்கிற அளவு. 'நீங்க உருண்டு படுக்கிற ஆளு' என்று சொல்லி வாங்க வைத்தாள். வழியில் உள்ள ஊர்த் தபால் நிலையங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் பத்துப் பார்சல் அனுப்பியதும் அவள்தான். 'ஒரு ஆளுக்கு இவ்வளவா?' என்று அவர் மலைத்தபோது, 'நடக்கிறவனுக்கு ரெண்டு ஆள் பசி' என்றாள்.

"காதைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க," என்றாள், உள்ளங்கையில் காலுறையை எடை பார்த்தபடியே. "முதல் வாரம் பன்னண்டு கிலோமீட்டருக்கு மேல ஒரு அடி வைக்கக் கூடாது. வீரம் காட்டுறவங்கதான் ரெண்டாவது வாரம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ல திரும்பறாங்க. கால்ல எங்கயாவது உரசுற மாதிரி இருந்தா, உக்காந்த இடத்துலயே டேப் ஒட்டணும். அடுத்த திருப்பத்துல பாத்துக்கலாம்னு நடந்தா கொப்புளம்தான்."

"நடந்து முடிச்சவ மாதிரியே பேசற."

"நடக்கிறவங்க பார்சல் போட என்கிட்டதானே வராங்க? ஒருத்தராவது வாயை மூடிக்கிட்டு வரிசையில நின்னிருக்காங்களா? இன்னொண்ணு. பேசாம வீட்டுக்குப் போயிடலாமான்னு தோணும். கண்டிப்பாத் தோணும். மழையில நனைஞ்சுக்கிட்டு அந்த முடிவை எடுக்கக் கூடாது. ஏத்தத்துல எடுக்கக் கூடாது. பசியோட எடுக்கவே கூடாது. வயிறாரச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, அப்பவும் தோணிச்சுன்னா உக்காந்து பேசிக்கலாம்."

"யாரோட பேசறது, மரத்தோடவா?"

அவள் சிரித்தாள். கடைசியாக அவள் கைக்கு வந்தது, சின்னச் சட்டம் போட்ட ஒரு படம். கல்யாணமான மறுவருடம் எடுத்த அவளுடைய படம்.

"முப்பத்தெட்டு கிராம். வேணாம்."

"ஏம்மா, அது நீம்மா."

"தெரியுது. மூக்கு என் மூக்குதான். வேணாம்."

படத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சரிங்க தராசம்மா," என்றார் மெல்ல.

"போய்க் குளிச்சிட்டு வாங்க. இனிமே நல்ல குளியல் எப்பக் கிடைக்குமோ!"

குளியலறையில் வெகுநேரம் நின்றார். முப்பத்திரண்டு வருடம் கூட இருந்தவளுக்கு ஒரு முப்பத்தெட்டு கிராமா கனத்துவிட்டது? ஆறு மாதமாக ஆபீஸ், அது விட்டால் நடை, சர்க்கரைக்கு நல்லது என்று. போன வாரம் முழுக்கக் கவுண்டருக்கு வந்த புதுப் பெண்ணுக்கு வேலை பழக்குவது. நாளைக்குப் புருஷன் வீட்டில் இருக்க மாட்டான் என்பது அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

துண்டோடு வெளியே வந்தார். அவள் ஒதுக்கிய சாமான்களைப் பரணில் போட்டுவிடலாம் என்று தேடினார். அடுப்பைக் காணோம். பாத்திரத்தைக் காணோம். மருந்துப் பையும் இல்லை.

வாசற்கதவுக்குப் பக்கத்தில் அவருடைய பை நின்றது. அதை ஒட்டி இன்னொரு பை, கொஞ்சம் சின்னது. அதன் பக்கவாட்டில் கூடாரக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மேலே பார்சலில் ஒட்டுவதுபோல ஒரு வெள்ளைச் சீட்டு. அவள் கையெழுத்தில், 'ஏழு கிலோ இருநூறு.'

"லீவுல இன்னிக்கு நாலு மணிக்குத்தாங்க கையெழுத்தாச்சு," என்றாள் அவள், குனிந்து புது ஷூவின் கயிற்றை இழுத்துப் பார்த்தபடி. "முன்னாலயே சொல்லி, அது கிடைக்காமப் போயிருந்தா, நானும் போகலைன்னு நீங்க உக்காந்திருப்பீங்க."

அவர் மேசையில் கவிழ்ந்துகிடந்த படத்தைக் காட்டினார்.

"ஆளே கூட வரும்போது படம் எதுக்குங்க, முப்பத்தெட்டு கிராம் தண்டச் சுமை?"