கட்டில் இல்லாத ஆபீஸ்

கட்டில் அறைவாசலில் வசமாகச் சிக்கிக்கொண்டது. உள்ளே தள்ளினால் போகவில்லை, வெளியே இழுத்தால் வரவில்லை. ‘நகர்த்துவதற்கு முன் கால்களைக் கழற்றவும்’ என்று ஒரு கட்டில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவரே அதைத் தூக்கிக்கொண்டிருந்த மொழிபெயர்ப்பாளர்தான். ஊருக்கு எழுதும்போது வருகிற புத்தி, தன் வீட்டுக் கட்டிலைத் தூக்கும்போது வரவில்லை.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளரும் அவர் மனைவியும். அந்தப் பக்கம், அறைக்குள், மாமனார். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, வழக்கம்போல் யாருடனோ போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தார். பூகம்பமே வந்தாலும் ஆட்டம் முடிந்துதான் திரும்பிப் பார்ப்பார்.

“காலங்காத்தால எதுக்குங்க இந்தக் கூத்து?” என்றாள் மனைவி, மூச்சு வாங்கிக்கொண்டே.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் ஓர் அறையைத் தொழிலுக்கு மட்டுமே வைத்திருந்தால், அதன் வாடகையைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அவரும் காட்டிவிட்டார். அந்த ‘மட்டுமே’தான் இப்போது இடித்தது. அவர் மொழிபெயர்ப்பதெல்லாம் சமையலறை மேஜையில், வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு. அறையில் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர் மாமனார். நேற்று வரி ஆபீசிலிருந்து போன் வந்தது. அந்த ரூமைப் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, “வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டார்கள்.

மனைவியின் முகம் மாறியது. “அந்த ரூமையா காட்டினீங்க? ஏங்க, அந்த ரூமை அப்பா...”

“உங்கப்பா புராணத்தை அப்புறம் கேக்கறேன். மாட்டினா அபராதம்! திரும்பி வந்த வரிப்பணம் வாஷிங் மெஷினாகி நிக்குது. அதைப் பிழிஞ்சா காசு வருமா? பிடி, தூக்கு!”

காலிங் பெல் அடித்தது.

கூடத்தில் கிடந்த மாமனாரின் துண்டு, செருப்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாஷிங் மெஷினுக்குள் திணித்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வந்த அதிகாரியம்மா சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நேராக வந்து கட்டிலைப் பார்த்தார். அதற்கு மேலே எட்டி அறையைப் பார்த்தார்.

“உள்ளே உக்காந்திருக்கிறது யாரு?”

மொழிபெயர்ப்பாளரின் வாய், மூளையைக் கேட்காமல் திறந்துகொண்டது. “தச்சருங்க மேடம். கட்டில் ரிப்பேருக்கு வந்தவரு.”

மனைவிக்குப் புரையேறியது.

“ராணி போனா போகட்டும், விட்டுடு! ராஜா இனி எங்கேயும் ஓட முடியாது!” என்று உள்ளேயிருந்து மாமனார் முழங்கினார்.

“தச்சர் என்னவோ சொல்றாரே?”

“தனக்குத்தானே பேசிக்குவாரு மேடம். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் அப்படி.”

“தைல வாசனை அடிக்குதே?”

“வார்னிஷ். இப்பல்லாம் இப்படி வாசனையாத்தான் வருது.”

“உங்க கம்ப்யூட்டர் எங்கே?”

“மரத்தூசி படக் கூடாதுன்னு சமையல்ரூம்ல வெச்சிருக்கேன்.”

மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள். இன்னும் அழுத்திச் சொல்லச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவள் கிள்ளுக்கு அவர் சரியான அர்த்தம் கண்டுபிடித்ததே இல்லை. மொழிபெயர்ப்பாளர் என்பதெல்லாம் வெளியில்தான்.

“உங்க மாமனார் உங்களோட இல்லையா சார்?”

“மச்சான் வீட்ல இருக்காருங்க.”

“இந்த ரூமை அவரு எதுக்காவது உபயோகிக்கிறதுண்டா?”

“எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“பார்ட்-டைமா ஏதாவது வேலை பாக்கறாரா?”

“அவரா?” மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “பேப்பர்ல பக்கம் திருப்பறதுதான் மேடம் அவரு பாக்கற பெரிய வேலை. அதுலயே களைச்சுப் போயிடுவாரு.”

“ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதை...”

“நீ போய் மேடத்துக்குக் காபி போடு!”

அவள் போகவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு கட்டில் சட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரியம்மா சொன்னதையெல்லாம் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். “எல்லாம் உண்மைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

மொழிபெயர்ப்பாளர் பேனாவை வாங்கினார். உள்ளே மாமனார் ஏதோ ஆட்டத்தை ஜெயித்த குஷியில் சின்னப் பையன் மாதிரி கைதட்டிக்கொண்டிருந்தார். உயிரோடு எதிரில் இருக்கிற மனுஷனை வாயாலேயே வீட்டைவிட்டுத் துரத்திவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. சாயங்காலம் அவருக்கு நல்ல மெத்தையாக ஒன்று வாங்கிப் போட்டுவிட வேண்டும். தவிரவும், பொய் தன்னுடையது, பயம் தன்னுடையது. இதில் அவருக்கு என்ன நஷ்டம்?

கையெழுத்தைப் போட்டார்.

“இப்பவாவது சொல்லுங்க மேடம். என் கணக்குல அப்படி என்னதான் தப்பு?”

அதிகாரியம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“உங்க மேல தப்பே இல்ல சார். போன்ல செஸ் கத்துக்குடுத்துச் சம்பாதிக்கிற உங்க மாமனாரும் இதே ரூமைத் தன் ஆபீஸ்னு காட்டியிருக்காரு. ரெண்டு பேர்ல யாருக்கு அபராதம் போடறதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்.”