நாட்டுக்காக எரிந்த அடுப்பு

பத்தே முக்காலுக்கு ஓகுல்நபாத்தின் அடுப்பு அணைந்தது.

பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் முறை. துர்க்மேனிஸ்தானில் கேஸ் இலவசம், தீப்பெட்டிக்குத்தான் காசு. அதனால் அந்தத் தெருவில் அடுப்பை அணைக்கும் ஊதாரி யாரும் கிடையாது. அவள் மகன் மெர்கென் பிறந்த வாரம் பற்றவைத்தது, அவன் பட்டாளத்துக்குப் போன பிறகும் எரிந்துகொண்டிருந்தது.

அணைவதற்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா? சமையலறையில் விளம்பரப் படம் எடுக்கக் கேமரா நின்றது. பக்கத்தில் கேஸ் இலாகா அதிகாரி அமாங்கெல்தி நின்றார்.

தாய் வீட்டில் அடுப்பைக் காக்கிறாள், மகன் பாலைவனத்தில் ஏற்றுமதிக் குழாயைக் காக்கிறான். படத்தின் கதை இவ்வளவுதான். நம் கேஸ் வற்றவே வற்றாது என்று வாங்குகிற நாடு இதைப் பார்த்து நம்ப வேண்டும்.

பதினோரு மணிக்குக் காவல் சாவடியிலிருந்து மெர்கென் பேசுவான். இரண்டே நிமிடம். பதினோரு மாதமாக அவன் குரலைக் கேட்காதவள் அவள். படமாவது மண்ணாவது, அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் தலையாட்டியிருந்தாள்.

"அடுப்பு எரியலேன்னா ஃபோனும் கிடையாதுக்கா. மேலிடத்து உத்தரவு," என்றார் அமாங்கெல்தி.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். ஏழு வீட்டிலும் அடுப்பு அணைந்து கிடந்தது, ஒரு தீக்குச்சியும் இல்லை. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. கடைசி வீட்டுக்காரி வாசலில் காய்ந்த பருத்திமார் எரித்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தந்தூர் அடுப்பிலிருந்து ஒரு நெருப்புக் கங்கைக் கரண்டியில் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள்.

அடுப்புக் குமிழைத் திருகினாள். நெருப்பைக் காட்டினாள். கேஸே வரவில்லை.

அமாங்கெல்தி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். எதிர்முனையில் பேசியவர் பெரியவர் போலிருக்கிறது, விறைப்பாக நின்றபடியே கேட்டுக்கொண்டார். வாங்குகிற நாட்டில் இன்று கடுங்குளிராம். வீடுகளுக்கு வரும் கேஸையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்களாம்.

"அவங்க வீட்ல குளிரெடுத்தா நம்மள எவன் மதிப்பான்? எல்லாம் தேசப் பாதுகாப்புக்கா," என்று விரல்களை வாயருகே வைத்து ஊதிச் சூடேற்றிக்கொண்டார்.

நெருப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்று கேமராக்காரன் சொன்னான். போன உயிர் ஓகுல்நபாத்துக்குத் திரும்பி வந்தது.

ஃபோன் அடித்தது.

"மகனே, நம் அடுப்பு எரிகிறது. நாடு பத்திரமாக இருக்கிறது," என்று கொடுத்த தாளைப் பார்த்துப் படித்தாள்.

"குழாயும் பத்திரமாக இருக்கிறது, தாயே," என்று அவனும் எதையோ பார்த்துப் படித்தான்.

இரண்டு தாளும் தீர்ந்த பிறகு அரை நிமிடம் மிச்சமிருந்தது.

"அம்மா," என்றான், குரலைத் தாழ்த்தி. "இங்க குளிர் தாங்கலம்மா. குழாய் பக்கத்துல நெருப்பு மூட்டக்கூடாதாம். ஃபோனைக் கொஞ்சம் அடுப்புக்கிட்ட பிடியேன். அந்தச் சத்தத்தையாவது கேட்டுக்கறேன்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். அமாங்கெல்தியைப் பார்த்தாள்.

பிறகு ஃபோனை உதட்டருகே கொண்டுபோய், பல்லைக் கடித்துக்கொண்டு, 'ஸ்ஸ்ஸ்' என்று மெதுவாக ஊத ஆரம்பித்தாள். இணைப்பு துண்டிக்கப்படும் வரை நிறுத்தவே இல்லை.