தீர்த்தகிரியின் காய்ச்சல்

காவேரி டீச்சர் தான் எழுதும் நாவலின் பதினொன்றாவது நோட்டைப் பிரித்து வாசிக்கத் தொடங்கி, முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

எதிரே முறத்தில் ராகிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஃபகருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி, மாங்காய் வியாபாரி பஷீர் அஹமதுவின் மனைவி. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவளைப் போலக் கதை கேட்க வேப்பனப்பள்ளியில் இன்னொருத்தி பிறக்கவேண்டும். ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறியதில்லை.

இன்றைக்குக் கடைசி அத்தியாயம்.

கதாநாயகன் தீர்த்தகிரி மாட்டு வியாபாரி. அஞ்செட்டிக் காட்டு வழியில் மாடு ஓட்டிப் போகும்போது மலைக்காய்ச்சல் கண்டு சாகவேண்டும். முதல் நோட்டிலேயே காவேரி போட்ட திட்டம் அது. அவன் செத்தால்தான் கதை நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சென்னைப் பத்திரிகையின் நாவல் போட்டிக்குப் புதன்கிழமைக்குள் அனுப்பியாகவேண்டும்.

திட்டம் என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. நடுவில் அவன் உயிரோடு வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வம்பு.

தீர்த்தகிரிக்குக் கொள்ளு பிடிக்காது என்று மூன்றாம் நோட்டில் போகிற போக்கில் எழுதிவைத்தாள். அன்றிலிருந்து இவள் வீட்டு அடுப்பில் கொள்ளு ஏறவில்லை. பைத்தியமே என்று தானே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கொள்ளு வாங்கவில்லை.

முப்பத்தெட்டு வயது. கல்லாவியில் அண்ணன் வீடு இருக்கிறது. அவளைப் பெண் பார்க்க ஆட்கள் வருவது நின்று ஏழெட்டு வருஷமாகிறது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால், அந்த வீட்டில் பேச்சுத் துணை தீர்த்தகிரி ஒருவன்தான். அவன் பேசுவான், இவள் எழுதுவாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவர்..." என்று மறுபடி தொடங்கினாள். ஃபகருன்னிசா குறுக்கிட்டாள்.

"எவரு டீச்சரம்மா? நாலஞ்சு வாரமாப் பாக்கறேன், அவரு அவருன்னே படிக்கிறீங்க. பேரச் சொல்லுங்க."

காவேரி நோட்டைப் பின்னால் புரட்டினாள். பத்தாவது நோட்டை எடுத்தாள், ஒன்பதாவதை எடுத்தாள். ஒன்பதில் பாதிவரை தீர்த்தகிரி, தீர்த்தகிரி என்று அலுக்காமல் எழுதியிருந்தது. அதற்கப்புறம் அந்தப் பெயரே இல்லை. 'அவர்'தான். எப்போது மாறியது என்று எழுதியவளுக்கே தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். காது மடல் சுட்டது. பெயர் வரவில்லை.

ஓட்டர் பட்டியல் எழுத ஆள் வந்தபோது, புருஷன் பெயரைச் சொல்லமுடியாமல் தெருப் பெண்கள் முந்தானையைக் கடித்தார்கள். அவர்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவள் இதே காவேரிதான்.

இப்போது ஃபகருன்னிசா சிரிக்கப்போகிறாள் என்று பயந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"வேணாம், நீங்க சொல்லாதீங்க. சொன்னா அவங்க ஆயுசு கொறைஞ்சிடும். நான் சொல்றேன். தீர்த்தகிரி. ம், மேல படிங்க."

காவேரி படித்தாள். 'அவர்' வருகிற இடமெல்லாம் விரலை வைத்து நிறுத்தினாள். ஃபகருன்னிசா பெயரைச் சொன்னாள். இப்படியே இரண்டு பேருமாகத் தீர்த்தகிரியைக் காட்டு வழியில் நடத்திக்கொண்டு போனார்கள்.

காய்ச்சல் வந்தது. மாடுகள் நின்றன. அவன் தண்ணீர் கேட்டான். கொடுக்க ஆளில்லை.

ஆயுசு குறையும் என்று பெயரைக்கூடச் சொல்லமாட்டாதவள், அவன் சாவைத் தன் கையாலேயே நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். நேற்று எழுதும்போது கண் கலங்கவில்லை. வாத்தியாரம்மாவுக்கு நெஞ்சழுத்தம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். இன்றைக்கு வாசிக்கும்போது கடைசி வரிக்கு முந்தின வரியில் குரல் உடைந்துபோயிற்று. கடைசி வரியை அவள் வாசிக்கவே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஃபகருன்னிசா எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கதை நன்றாக இருந்தது என்றோ, பரிசு கிடைக்கும் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

பள்ளிவாசலில் பாங்கு சத்தம் கேட்டது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டினாள்.

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.