சாட்சிக் கையெழுத்து

"ஒரு கையெழுத்துத்தான் குறையுது, சிங்கராசா அண்ணை. தொண்ணூறாம் ஆண்டுக்கு முதல் இந்தப் பக்கம் இருந்த ஒராள் சாட்சி வைக்க வேணும்."

காணிக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் நவரத்தினம், மோட்டார் சைக்கிளின் இருக்கையில் படிவத்தை விரித்து, காற்று கொண்டுபோகாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"அந்த நேரம் இருந்த முஸ்லிம் சனம் எல்லாம் இயக்கம் விரட்டப் புத்தளத்துக்கு ஓடினது. நான் ஆரைத் தேடுறது?"

"காணிப் பெர்மிற் குடுக்கிறது இந்த மாதத்தோட முடியுது. பிறகு காணி வேற ஆருக்கும் போயிரும்."

சிங்கராசாவுக்குப் பின்னால் பருத்தி வெடித்துக் கிடந்தது.

நாலு வருடத்துக்கு முன் இது வெறும் மணலும் உடைமரமும். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய சொந்த ஊரைச் சுற்றி இராணுவத்தின் முட்கம்பி வேலி இருந்தது. அலைந்து திரிந்து இந்த வெறுங்காணியில் கொட்டில் போட்டார். முகாம் காலத்தில் சாத்தூர்ப் பக்கம் போய்ப் பழகிய பருத்தி வேலைதான் கையில் இருந்தது. தூர்ந்த கிணற்றை ஒற்றை ஆளாகத் தோண்டினார். பிளாஸ்டிக் கானில் நீர் சுமந்து ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஊற்றினார். காற்று மணலால் மூடிய கன்றுகளை விரலால் கிளறி எடுத்தார்.

"மணலில பருத்தி போட்ட விசரன் எண்டுதான் முசலிப் பகுதி முழுக்க உங்களைச் சொல்லுது," என்று சிரித்தார் நவரத்தினம்.

"விசரனுக்கும் பெர்மிற் குடுப்பீங்கள்தானே?"

சொல்லிவிட்டுச் சிங்கராசா சட்டென்று பருத்தி வரிசைகளின் பக்கம் திரும்பினார். "நூர்ஜஹான் தங்கச்சி! ஒருக்கா இஞ்ச வாங்கோ. சேர், இவ புத்தளத்தால திரும்பி வந்தவ. பிறந்தது இந்தப் பக்கந்தான்."

முதல் வருடத்திலிருந்து களை பிடுங்கவும் பஞ்சு எடுக்கவும் வருகிறவள் அவள். மடியில் கட்டிய பஞ்சோடு வந்து நின்றாள்.

"வாசிச்சுக் காட்டுங்க சேர்."

"'சிங்கராசா நான்கு வருடங்களாக இக்காணியில் பயிர் செய்து வருகிறார். இதுவரை வேறெவரும் உரிமை கோரி வரவில்லை.' அவ்வளவுதான்."

நூர்ஜஹான் பருத்தி வரிசைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சிங்கராசாவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"என்ன யோசினை தங்கச்சி? இதில பொய் ஏதும் இருக்கோ? நான் பட்ட பாட்டைக் கண்ணால கண்டனீங்கள்தானே. இன்னொருக்கா எழும்பிப் போக எனக்குச் சீவன் இல்லை."

"கண்டனான் அண்ணன்." அவள் விரல்களை முந்தானையில் துடைத்தாள். "பொய் ஒண்டும் இல்லத்தான்."

எழுத்து எழுத்தாகக் கையெழுத்து வைத்தாள். நவரத்தினம் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்த பிறகும் சிங்கராசா அப்படியே நின்றார். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பின்னாலேயே வரிசைக்குள் நடந்தார்.

"உங்கட காணி எங்க கிடக்கு? இவ்வளவு காலம் கேக்காமலே இருந்திட்டன், பாருங்கோ. நாளைக்கே கந்தோருக்குப் போவம். உங்களுக்கு நான் சாட்சி வைக்கிறன்."

அவள் குனிந்து பஞ்சு எடுத்தாள்.

"உறுதிப் பத்திரம் ஒண்டும் இல்லையோ?"

"ஓடேக்குள்ள அதெல்லாம் போயிட்டுது."

"போனால் போகட்டும். இடம் ஞாபகம் இருக்குமே? காட்டுங்கோ."

அவள் நிமிரவில்லை.

"நீங்க நிக்கிறது எங்கட உம்மா சோறாக்கின குசினி இருந்த இடம், அண்ணன்."

சிங்கராசா தன் காலடியைப் பார்த்தார். காலை எங்கே எடுத்து வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன்… ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"சொல்லத்தான் முதல் நாள் வந்தனான். நான் வாய் திறக்க முன்னம், 'கூலிக்கோ வந்தனீங்கள்?' எண்டு கேட்டீங்க. அண்டைக்கு வீட்டில உலை வைக்க ஒண்டும் இல்ல. ஓம் எண்டிட்டன்."